பழவேற்காடு ஏரிக்குக் குழந்தைகளுடன் ஒரு நாள்

சம்பா அறுவடை முடிந்து, நெல் வீடு வந்து சேர்ந்ததும் விவசாயக் குடும்பங்களுக்குச் சில நாட்கள் ஓய்வு கிடைக்கிறது. "எங்காவது கூட்டிப் போங்கள்" என்று குழந்தைகள் நச்சரிப்பதும் அப்போதுதான். திருவள்ளூர் மாவட்டத்திலும் சென்னையின் வடபகுதியிலும் வசிப்போர் அதிகச் செலவில்லாமல் காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பக் கூடிய இடம் பழவேற்காடு. ஏரி, கடல், பறவைகள், மீனவர் குப்பங்கள், பழைய கல்லறைகள் எல்லாம் ஒரே ஊரில் இருக்கின்றன. நாலு வயது முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பார்க்கவும் கேட்கவும் நிறைய விஷயங்கள் உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை: எல்லாவற்றையும் கரையில் நின்றே பார்க்க வேண்டும். காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

எப்போது, எப்படிப் போவது?

தை, மாசி மாதங்கள் ஏற்றவை. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, வலசை வரும் பறவைகளும் ஏரியில் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் மழைக்குப் பயந்து போக வேண்டியிருக்கும். சித்திரை, வைகாசியில் மணல் சுடும், நிழல் குறைவு. காணும் பொங்கலன்று கூட்டம் நெரியும். கைக்குழந்தையுடன் போகிறவர்கள் அந்த நாளைத் தவிர்ப்பது நல்லது.

சென்னையிலிருந்து ஊர் ஏறக்குறைய 60 கி.மீ. கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயிலில் பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் போகலாம். வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்வது அவசியம். இரவு மீன் பிடித்தவர்கள் கரை திரும்புவதும், மீன் ஏலம் நடப்பதும் காலையில்தான். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாட்களில் மீனவர்கள் கடலுக்குப் போகத் தடை உண்டு. அன்றைக்கு ஏலக் களம் வெறிச்சென்றிருக்கும். பத்திரிகையில் தேதியைப் பார்த்துவிட்டுப் புறப்படவும்.

கடலின் நாற்றங்கால்

இந்திய உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது பழவேற்காடு ஏரி. இதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் உள்ளன. நமது பக்கம் ஆரணி ஆறும், வடக்கே காளங்கி ஆறும் நல்ல தண்ணீரைக் கொண்டு வருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உள்ளே வருகிறது. மழைக்காலத்தில் ஏரி நீரில் உப்பு வெகுவாகக் குறையும். கோடையில் மணல் திட்டு முகத்துவாரத்தை அடைத்துவிட்டால், தண்ணீர் வற்றிக் கடலைவிட அதிகமாகக் கரிக்கும்.

இறால் கூடையைக் காட்டி, "இது எங்கே பிறந்தது?" என்று குழந்தையிடம் கேளுங்கள். ஏரியில் என்றுதான் பதில் வரும். உண்மையில் வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். பொரித்த குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, சில மாதங்கள் தின்று வளர்ந்து, மீண்டும் கடலுக்குப் போகின்றன. நாம் விதையை நாற்றங்காலில் விட்டு வளர்த்துப் பிறகு நடவு செய்வதில்லையா? அதுபோல் ஏரிதான் கடலுக்கு நாற்றங்கால். வயலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இந்த ஒரு உவமை போதும். முகத்துவாரம் அடைபட்டால் மீனவர்கள் ஏன் கலங்குகிறார்கள் என்பது தானே புரிந்துவிடும்.

வரப்பில்லாத வயல்

"ஏரிக்கு வரப்பு கிடையாதே, யார் எங்கே மீன் பிடிப்பார்கள்?" என்று பிள்ளைகள் கேட்டால் அதற்கும் பதில் உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற குப்பங்களில் 'பாடு' என்னும் முறை தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்களைப் பாடு உரிமையுள்ள குடும்பங்கள் சீட்டு எடுத்து, முறை வைத்துப் பங்கிட்டுக் கொள்கின்றன. இன்று நல்ல இடம் கிடைத்தவர் நாளை வேறிடம் போக வேண்டும். ஏரிப் பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் நமக்கு இது புதிதல்ல.

வலையே இல்லாமல் மீன் பிடிப்பவர்களும் உண்டு. இருளர் குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள் ஆழம் குறைந்த நீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் பல்லில் கவ்வியிருக்கும் ஓலைப் பறியில் போடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாததை விரல் நுனியால் அறிந்து பிடிக்கும் இந்தத் திறமையைத் தூரத்தில் நின்று குழந்தைகளுக்குக் காட்டலாம்.

குப்பத்துக்குள் போகும்போது, காயும் வலையை மிதிக்கக் கூடாது. ஏலத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. எதையும் தொடுவதற்கு முன் "அக்கா, பார்க்கலாமா?" என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். நம் களத்து மேட்டில் அயலார் நெல்லை மிதித்தால் நமக்கு எப்படி இருக்கும்?

பறவைகள்

நமது பக்க ஏரி 1980-ம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பூநாரை, கூழைக்கடா, நீர்க்காகம், கொக்கு, ஆலா ஆகியவற்றைக் காணலாம். பூநாரைக் கூட்டம் எந்த இடத்தில் நிற்கும் என்பது தண்ணீரின் அளவைப் பொறுத்தது. பல சமயம் தூரத்தில் வெள்ளைக் கோடு போலத்தான் தெரியும். பைனாகுலர் இருந்தால் கொண்டு போகவும். பூநாரையை அருகில் காண விரும்புவோர் வேறொரு நாள் சூளூர்ப்பேட்டைக்குப் போய், அங்கிருந்து ஏரியைக் கடந்து ஸ்ரீஹரிகோட்டா செல்லும் சாலையில் பார்க்கலாம்.

பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்று நீரை அரித்துத் தின்னும். குஞ்சு பிறக்கும்போது சிவப்பாக இருப்பதில்லை. தின்னும் பாசியாலும் சிற்றுயிர்களாலும்தான் அந்த நிறம் ஏறுகிறது. சாப்பிட அடம் பிடிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல கதை!

ஊருக்குள்

டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கு கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் 1690 வரை அவர்களுக்கு இதுவே தலைமையிடம். கோட்டை இன்று முட்புதர் மண்டிக் கிடக்கிறது. பாம்பு நடமாட்டம் இருக்கும், குழந்தைகளுடன் உள்ளே போக வேண்டாம். அருகிலுள்ள டச்சுக் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாயிலில் எலும்புக்கூடு உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். பயந்த சுபாவமுள்ள குழந்தையிடம் முன்னதாகவே சொல்லி வைக்கவும். இவ்வூர் முஸ்லிம் பெண்கள் சாயமேற்றிய பனையோலையில் பெட்டி, கூடை முடைவதில் பேர் பெற்றவர்கள். ஊர் நினைவாகக் குழந்தைக்கு ஒரு சிறு பெட்டி வாங்கலாம்.

படகு வேண்டாம்

இனி அந்த நிபந்தனைக்கு வருவோம். 2011 டிசம்பர் 25 அன்று, விடுமுறையைக் கழிக்க வந்த உறவினர்கள் சென்ற படகு இங்கே முகத்துவாரத்தின் அருகே கவிழ்ந்து, குழந்தைகள் உள்பட 22 பேர் மாண்டார்கள். படகில் அளவுக்கு மீறி ஆட்கள் இருந்தனர். உயிர்காப்பு உடை இல்லை. அதன்பின் சுற்றுலா வருவோரைப் படகில் ஏற்றத் தடை விதிக்கப்பட்டது. அரசின் அனுமதியும், குழந்தையின் அளவுக்கேற்ற உயிர்காப்பு உடையும் இல்லாத எந்தப் படகிலும் ஏறக் கூடாது. "பக்கத்தில்தான், பத்து நிமிஷம்தான்" என்று யார் அழைத்தாலும் மறுத்துவிடுங்கள்.

மீன்பிடிப் படகு நாலைந்து ஆட்களுக்கும் வலைக்குமாகச் செய்யப்பட்டது. அதில் இருபது பேர் ஏறி, எதையோ பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் கவிழ்ந்துவிடும். முகத்துவாரத்தில் ஏரி நீர் வெளியே பாயும் வேகமும் கடலலையும் மோதுவதால் அபாயம் இன்னும் அதிகம். ஆகையால் அங்கும் கடலிலும் குழந்தைகளைக் குளிக்க விடக் கூடாது.

"ஏரியில் ஆழம் இல்லையே" என்று சிலர் சொல்வார்கள். ஏரியின் சராசரி ஆழம் சுமார் ஒரு மீட்டர். மூன்று வயதுக் குழந்தையின் உயரமும் ஏறக்குறைய அதுதான். மேலும் அடியில் இருப்பது காலை இழுக்கும் சேறு. ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் என்று வீட்டிலேயே பொறுப்பைப் பிரித்துக் கொள்ளுங்கள். "யாராவது பார்த்துக் கொள்வார்கள்" என்று ஒவ்வொருவரும் நினைக்கும்போதுதான் குழந்தை தண்ணீரில் இறங்குகிறது.

கையோடு கொண்டு போக

புளிச் சாதம், தயிர் சாதம், போதுமான குடிநீர், தொப்பி, மாற்று உடை, துண்டு இவை போதும். கிளிஞ்சலும் சிப்பியும் காலைக் கிழிக்கும்; குழந்தைகளைச் செருப்பில்லாமல் நடக்க விடாதீர்கள். வலையிலிருந்து எறியப்பட்டுக் கிடக்கும் கெளுத்தியையும் திருக்கையையும் தொட விடக் கூடாது. அவற்றின் முள்ளில் விஷம் உண்டு. குத்திவிட்டால், குத்திய இடத்தைப் பொறுக்கக்கூடிய சூடுள்ள வெந்நீரில் வைத்திருந்தால் வலி தணியும். வெந்நீரின் சூட்டைப் பெரியவர் முதலில் தம் கையில் பார்த்துக் கொள்ள வேண்டும். பிறகு டாக்டரிடம் காட்டவும்.

திரும்பும் வழியில்

பஸ் பொன்னேரியை நெருங்கும்போது ஆரணி ஆற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நம் வயலில் வடிந்த தண்ணீர் வாய்க்கால், ஆறு வழியாக, காலையில் பார்த்த அதே ஏரிக்குத்தான் போகிறது. பயிரில் பூச்சியைக் கொல்லும் மருந்துகளில் பல இறாலையும் கொல்லும். தெளிப்பான் கழுவிய நீரை வாய்க்காலில் ஊற்றும் பழக்கம் உள்ளவர்கள் அதை நிறுத்தலாம். அந்த இறால் குஞ்சைக் கூடையருகே நின்று பார்த்த பிள்ளை, அடுத்த முறை மருந்தடிக்கும்போது நம்மைக் கேள்வி கேட்டாலும் கேட்கும்.