பொட்டாசிய வாயிலைக் காட்டும் எதிர்ப்பொருள்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது பழமொழி. ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருப்போருக்கும் இம்மொழி பொருந்தும்.

நரம்பணுவின் மேலுறையில் புரதத்தாலான நுண்ணிய வாயில்கள் பல உள்ளன. அவற்றுள் சில, பொட்டாசியத்துக்கு மட்டுமே வழிவிடுவன. நரம்பில் துடிப்பு எழுந்தபின் இவ்வாயில்கள் வழியே பொட்டாசியம் வெளியேறுவதால் நரம்பணு மீண்டும் அமைதி அடைகிறது. கணவாய் மீனின் பருத்த நரம்பைக் கொண்டு ஆட்ஜ்கின், அக்சுலி என்னும் ஆங்கில அறிஞர் இருவர் 1952ஆம் ஆண்டில் இதனை விளக்கினர்.

மாந்தரிடத்தில் பொட்டாசிய வாயில்களுக்குரிய மரபணுக்கள் 70-க்கு மேற்பட்டவை. ஒரு குடும்பத்தாரின் முகச்சாயல் போல், இவ்வாயில்களுள் பல தம்முள் ஒத்திருக்கும். அவற்றுள் ஒன்றை மட்டும் இனங்காண்பது எங்ஙனம்?

உடலில் அயற்பொருள் நுழைந்தால், அதனைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை உடல் ஆக்குகிறது. ஆய்வாளர் இவ்வியல்பையே பயன்கொள்வர். பிற வாயில்களோடு ஒவ்வாத பகுதியொன்றை, பெரும்பாலும் புரதத்தின் வால்முனையை, தேர்ந்தெடுத்து முயலுக்கோ சுண்டெலிக்கோ ஊசிவழிச் செலுத்துவர். விளையும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து, மூளையின் மெல்லிய சீவல்மேல் இடுவர். அது பற்றிய இடத்தை ஒளிரும் சாயம் காட்டிவிடும். கேவி 2.1 என்னும் வாயில் எலியின் மூளையில் நரம்பணுவின் உடலிலும், அதனை ஒட்டிய கிளைகளின் அடிப்பகுதியிலும் அமைந்திருப்பதை அமெரிக்க அறிஞர் ஜேம்சு டிரிம்மர் 1991ஆம் ஆண்டில் இம்முறையாலேயே கண்டார்.

ஆயினும், ஒளி தோன்றியதனாலேயே வாயில் அங்குள்ளது என்று துணிதல் கூடாது. எதிர்ப்பொருள் அவ்வாயிலை விடுத்து அதன் இனத்தையோ, முற்றும் வேறான புரதத்தையோ பற்றியிருக்கலாம். அப்போதும் படம் அழகாகவே இருக்கும்! ஆதலின் அவ்வாயிலுக்குரிய மரபணு நீக்கப்பட்ட சுண்டெலியின் மூளைச் சீவல்மேல் அதே எதிர்ப்பொருளை இட்டுப் பார்ப்பர். அங்கே வாயில் இல்லை. எனவே ஒளியும் இருத்தலாகாது. இருள் தோன்றினால் எதிர்ப்பொருளின் சாட்சியை நம்பலாம். ஒளி தோன்றினால் அது பொய்ச்சாட்சி.

கேவி 2.1 வாயிலின் மரபணுவில் நேரும் பிழை குழந்தைகளுக்குக் கடும் வலிப்புநோயை விளைவிக்கக்கூடும் என்பது 2014ஆம் ஆண்டில் அறியப்பட்டது. அத்தகைய நோயின் வேரைத் தேடுவோர்க்கு வழிகாட்டுவது எதிர்ப்பொருளின் சாட்சியே. வாயில் இல்லாத இடத்தை அது காட்டுமாயின், ஆண்டுக்கணக்கான உழைப்பு வீணாகும். ஒளிவிடும் படத்தைவிட, இருண்டு நிற்கும் அந்த ஒரு சீவலே ஆய்வுக்கு உரமளிப்பதாகும்.