ராமானுஜன் வலையும் ஒரு மணி நேரத்தில் உடைந்த பூட்டும்

இலத்தூர் டீக்கடையில் போனைக் காட்டிப் பணம் கட்டுகிறோமே, அதை வழியில் யாரும் தட்டிப் பறிக்காமல் காப்பது கணிதம்தான். பெரிய எண்ணைக் காரணிப்படுத்துவது கஷ்டம் என்பதே ஆர்.எஸ்.ஏ. பூட்டின் பலம். குவாண்டம் கணினி வந்தால் அது சுலபம் என்று 1994-ல் பீட்டர் ஷோர் காட்டிவிட்டார். அதனால் புதுப் பூட்டு தேடுகிறார்கள். அதில் ஒன்று நம்ம ராமானுஜனிடம் போய் நிற்கிறது.

1916-ல் அவர் டௌ சார்பு பற்றி ஒரு கணிப்புச் சொன்னார். 1974-ல் டெலீன் அதை நிரூபித்தார். அந்த வகைக் கணிப்புகளை வைத்து 1988-ல் லுபோட்ஸ்கி, ஃபிலிப்ஸ், சார்னாக் ஒரு வலையைக் கட்டி, ராமானுஜன் பேரையே வைத்தார்கள்.

அப்படி என்ன விசேஷம்? ஒவ்வொரு ஊருக்கும் நாலைந்து ரோடுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் கொஞ்ச தூரம் மனம்போல நடந்தாலே, எந்த ஊரில் நிற்போம் என்று யாராலும் ஊகிக்க முடியாது. புறப்பட்ட ஊரும் சேர்ந்த ஊரும் ஊரறியும். நடந்த வழி மட்டும் ரகசியம். அதுதான் சாவி.

நீள்வட்ட வளைவுகளை ஊர்களாக்கிய இப்படியான வலைகளில் 'சைக்' என்ற பூட்டைச் செய்தார்கள். 2022-ல் காஸ்ட்ரிக், டெக்ரு இருவரும் அதன் ஒரு வடிவத்தைச் சாதாரணக் கணினியில், ஒற்றை கோரில், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உடைத்தார்கள். குவாண்டம் கணினியே தேவைப்படவில்லை!

ஆனால் தோற்றது வலை அல்ல. பூட்டு வேலை செய்வதற்காகக் கூடவே வெளியிட்ட சில துப்புகள்தான் வழியைக் காட்டிக்கொடுத்தன. துப்பே இல்லாமல் அந்த வலையில் வழி கண்டுபிடிப்பது இன்றைக்கும் கடினம்தான். கதவு எவ்வளவு கெட்டியானாலும், சாவியைப் பற்றி எவ்வளவு வெளியே சொல்கிறோம் என்பதில்தான் பத்திரம் இருக்கிறது.