முந்திரிக் கொல்லையில் நீண்ட கொம்பு வண்டா? மரத்தின் தூரைக் குனிந்து பாருங்கள்!

கேள்வி: ‘எங்கள் முந்திரிக் கொல்லையில் காலையில் மரத்தடியில் ஒரு பெரிய வண்டு கிடந்தது. செம்பழுப்பு நிறம். உடம்பைவிட நீளமாக இரண்டு கொம்புகள். கையில் எடுத்தால் கீச் கீச்சென்று சத்தம் போடுகிறது. தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டு என்கிறார் ஒருவர். கடித்தால் விஷம் என்கிறார் இன்னொருவர். இது என்ன வண்டு? மருந்து அடிக்க வேண்டுமா? பக்கத்துக் கொல்லையில் இரண்டு மரங்கள் பட்டுப்போய் நிற்கின்றன. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?’
- விருத்தாசலம் வட்டார வாசகர் ஒருவர்

கேள்வியோடு வண்டையும் ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு அனுப்பியிருந்தார் இந்த வாசகர். நல்ல வேலை செய்தார். வாய் வார்த்தையை மட்டும் வைத்துப் பூச்சியைக் கண்டுபிடிப்பது கடினம். டப்பாவைத் திறந்ததுமே விடை கிடைத்துவிட்டது. இது முந்திரித் தண்டு மற்றும் வேர் துளைப்பானின் தாய் வண்டு. பண்ருட்டி, விருத்தாசலம், குறிஞ்சிப்பாடிப் பகுதிகளில் காய்க்கிற முந்திரி மரத்தை வேரோடு சாகடிப்பதில் இதற்கு இணையான பூச்சி வேறில்லை.

அடையாளம் காண்பது எப்படி?

நம் பகுதியில் பெரிய வண்டு என்று சொல்லத்தக்கவை சில உண்டு. கொம்பைப் பார்த்தே பிரித்துவிடலாம்.

காண்டாமிருக வண்டு கறுப்பாக, பருத்து இருக்கும். தலையில் மேல்நோக்கி ஒரே ஒரு கொம்பு. தென்னைக் குருத்தைக் குடையும். முந்திரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சிவப்புக் கூன்வண்டுக்கு யானைத் துதிக்கை போல முன்னால் நீண்ட மூக்கு இருக்கும். அதுவும் தென்னை, பனையைத் தாக்குவது.

மா தண்டு துளைப்பான் வண்டு இவற்றைவிட நீளமானது. ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் இருக்கும். சாம்பல் நிறம். கழுத்துப் பகுதியில் இளஞ்சிவப்பாக இரண்டு புள்ளிகள். மா மட்டுமல்லாமல் பலா, அத்தி மரங்களையும் துளைக்கும். மாவும் பலாவும் வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முந்திரித் தண்டு துளைப்பான் வண்டு இரண்டரை முதல் நான்கு சென்டிமீட்டர் நீளம். செம்பழுப்பு நிறம். தலையிலிருந்து பின்னோக்கி வளைந்த இரண்டு நீண்ட உணர்கொம்புகள். ஆண் வண்டுக்கு இவை உடம்பைவிட நீளமாக இருக்கும். பிடித்தால் கீச்சிடுவது இந்தக் குடும்பத்து வண்டுகளின் இயல்பு. இதற்கு விஷம் கிடையாது. பலமான தாடையால் விரலைக் கடிக்கக்கூடும், அவ்வளவுதான்.

கெடுதல் செய்வது புழு

வண்டு இலையைத் தின்று மரத்தைக் கெடுப்பதில்லை. தாய் வண்டு தூர்ப் பகுதியில், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை, பட்டை வெடிப்புகளில் முட்டை வைக்கும். மண் அரித்து வெளியே தெரியும் வேர்களிலும் வைக்கும். ஒரு வாரத்துக்குள் புழு வெளிவந்து பட்டையைத் துளைத்து உள்ளே போய்விடும். ஆறேழு மாதங்கள் பட்டைக்கு அடியிலுள்ள திசுவைத் தின்று, கோணல்மாணலாகச் சுரங்கம் போடும். முழு வளர்ச்சியடைந்த புழு ஆள்காட்டி விரல் நீளம் இருக்கும்.

பின்பு மரத்துக்குள்ளேயே சுண்ணாம்பால் கூடு கட்டிக் கூட்டுப்புழுவாக மாறும். வெள்ளையாக, முட்டை ஓடு போலக் கெட்டியாக இருக்கும் அந்தக் கூட்டை முதன்முதலாகப் பார்ப்பவர்கள், நம்மூர் பீங்கான் பட்டறையில் செய்த பொம்மையோ என்றுகூட நினைப்பார்கள். அந்தக் கூட்டை உடைத்துக்கொண்டு வருவதுதான் நீங்கள் பார்த்த வண்டு.

புழு தின்ற சுரங்கம் தூரைச் சுற்றி வளைத்துவிட்டால், வேருக்கும் கிளைக்கும் இடையே சத்துப் போக்குவரத்து நின்றுவிடும். இலை மஞ்சளாகும், உதிரும், கிளை காயும், கடைசியில் மரமே போய்விடும்.

நான் செய்த பிழை

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது நம் மாவட்டத்து முந்திரி, பலா மரங்கள் சாய்ந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அடுத்த கோடையில் ஒரு விவசாயி என்னைத் தன் கொல்லைக்கு அழைத்துப் போனார். புயலுக்குத் தப்பிய மரங்களில் மூன்றில் இலை மஞ்சளாக இருந்தது. ‘காற்றில் வேர் ஆட்டம் கண்டிருக்கிறது, உரம் வையுங்கள், தேறிவிடும்’ என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் கடன் வாங்கி உரம் வைத்தார். அடுத்த பொங்கலுக்குள் மூன்றும் பட்டுப்போயின. வெட்டிப் பார்த்தபோது தூர் முழுக்கப் புழு. வேருக்குள்ளே வெள்ளைக் கூடுகள்.

‘இதை அன்றைக்கே பார்த்திருந்தால் மரம் பிழைத்திருக்குமா சார்?’ என்று கேட்டார். ஒன்றிரண்டாவது பிழைத்திருக்கும் என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. இலையை அண்ணாந்து பார்த்த நான் தூரைக் குனிந்து பார்க்கவில்லை. விழுந்த மரங்களை அவர் கொல்லை ஓரத்திலேயே அடுக்கி வைத்திருந்ததையும் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து எந்த முந்திரிக் கொல்லைக்குப் போனாலும் முதலில் தூரைத்தான் பார்க்கிறேன்.

இன்றே செய்ய வேண்டியவை

1. ஒவ்வொரு மரத்தடியிலும் சருகு, களையை விலக்கித் தூரைப் பாருங்கள். சிறு துளை, பிசின் வடிதல், செம்பழுப்பு மரத்தூளும் எச்சமும் தள்ளியிருத்தல் ஆகியவை அறிகுறி. இலை மஞ்சளாகும் வரை காத்திருக்க வேண்டாம். அப்போது பாதிப்பு முற்றியிருக்கும்.

2. அறிகுறி தெரிந்த இடத்தில் பட்டையை உளியால் மெதுவாகச் செதுக்கி, சுரங்கத்தைத் தொடர்ந்து போய்ப் புழுவை எடுத்துக் கொல்லுங்கள். வளைந்த கம்பி உதவும். நல்ல பட்டையைத் தேவையில்லாமல் வெட்டாதீர்கள்.

3. செதுக்கிய இடத்திலும், தூரிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரையிலும், ஒரு பங்கு தாருடன் இரண்டு பங்கு மண்ணெண்ணெய் கலந்து பூசுங்கள். கோடைத் தொடக்கத்தில் ஒரு முறை, மழை ஓய்ந்த பின் ஒரு முறை. தார் கிடைக்காவிட்டால் 5 சதவீத வேப்பெண்ணெய்க் கரைசல் பூசலாம். ஒரு லிட்டர் கரைசலில் 50 மில்லி வேப்பெண்ணெய் இருக்க வேண்டும். கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்தால் நன்றாகக் கலக்கும்.

4. வெளியே தெரியும் வேர்களை மண் அணைத்து மூடுங்கள்.

5. தூர்ச் சுற்றளவில் பாதிக்கு மேல் பட்டை போய், இலையும் மஞ்சளான மரம் பிழைக்காது. மனம் கேட்காதுதான். ஆனாலும் அதை வேரோடு தோண்டி எடுத்துவிடுங்கள். தூரை மண்ணில் விட்டால் உள்ளே இருக்கும் புழுக்கள் வண்டாகி வந்து அடுத்த மரத்தில் முட்டை வைக்கும்.

இதைச் செய்யாதீர்கள்

வண்டைப் பார்த்ததும் மரம் முழுக்க மருந்து அடிப்பது வீண் செலவு. பட்டைக்குள் இருக்கும் புழுவை அது தொடாது. பழைய கையேடுகளில் கார்பரில் பூசச் சொல்லியிருக்கும். அந்த மருந்து 2018-லேயே நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுவிட்டது. வீட்டில் பழைய இருப்பு இருந்தாலும் பயன்படுத்த வேண்டாம்.

பக்கத்துக் கொல்லை மரங்கள்

வாசகரின் கடைசிக் கேள்விதான் முக்கியமானது. பட்டுப்போய் நிற்கும் அந்த இரண்டு மரங்களிலிருந்து வண்டு வந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வண்டுக்கு வரப்பு தெரியாது. உங்கள் கொல்லையை மட்டும் சுத்தம் செய்தால் அடுத்த ஆண்டும் இதே வண்டு வரும். பக்கத்துக்காரரிடம் சண்டைக்குப் போகாமல், இந்த டப்பாவையும் ஓர் உளியையும் எடுத்துக்கொண்டு போங்கள். அவர் மரத்தின் தூரை அவர் கண் முன்னாலேயே செதுக்கிக் காட்டுங்கள். புழுவைப் பார்த்த பிறகு மரத்தை அகற்ற யாரும் மறுக்க மாட்டார்கள். விறகை மட்டும் கொல்லையில் அடுக்கி வைக்காமல், உடனே பிளந்து புழுவையும் கூட்டையும் அழித்து, வெளியேற்றச் சொல்லுங்கள்.

சந்தேகம் இருந்தால் வண்டையோ புழுவையோ டப்பாவில் போட்டு விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலோ, உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ காட்டுங்கள். வாசகர் தன் கொல்லையில் எத்தனை மரங்களில் துளை இருந்தது என்று எண்ணிப் பார்த்து எழுதினால், அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்லக் காத்திருக்கிறேன்.