முயலைத் திருடினால் தூக்கு, முயலைக் கொல்லாவிட்டால் குற்றம்

முகத்தில் கரி பூசி, கையில் ஆயுதத்தோடு அடுத்தவருடைய முயல் பண்ணைக்குள் புகுந்து கொள்ளையடித்தால் தூக்கில் போடலாம் என்று 1723-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. கறுப்புச் சட்டம் என்றே அதற்குப் பெயர். 1954-இல் அதே நாடாளுமன்றத்தில் இன்னொரு சட்டம் வந்தது. நிலத்தில் திரியும் காட்டு முயல்களைக் கொல்வது அந்த நிலத்தை வைத்திருப்பவரின் கடமை, தவறினால் நடவடிக்கை என்றது அது. ஒரு சாதுவான பிராணியை வைத்துக்கொண்டு ஒரு நாட்டின் சட்டம் இப்படித் தலைகீழாகப் புரண்டது எப்படி? அதைப் புரிந்துகொள்ள, முயலைவிடச் சின்னதான ஃபெரெட் என்ற விலங்கிடமிருந்து தொடங்குவது நல்லது.

பார்க்கக் கீரியின் ஒன்றுவிட்ட தம்பி போல இருக்கும். நீண்ட உடல், குட்டைக் கால், எந்தப் பொந்திலும் நுழைந்துவிடும் தலை. ஐரோப்பியக் காடுகளில் வாழும் போல்கேட் என்ற ஊனுண்ணியை மனிதர்கள் பழக்கி உருவாக்கிய வீட்டு விலங்கு இது. பழக்கம் ஆரம்பித்து 2,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். ஸ்பெயினில் முயல் தொல்லையைப் பற்றி எழுதிய கிரேக்க நிலவியலாளர் ஸ்ட்ராபோ, லிபியாவிலிருந்து கொண்டுவந்த ஒரு பிராணிக்கு வாய்க்கட்டுப் போட்டு முயல் வளைக்குள் விடுவார்கள் என்று குறிப்பிடுகிறார். அது ஃபெரெட்தான் என்பது பலருடைய கருத்து.

வேலை குளிர்காலத்தில் நடக்கும். அக்டோபர் முதல் மார்ச் வரை புதர் வாடியிருக்கும், வளையின் வாய்கள் கண்ணுக்குத் தெரியும், குட்டிகளும் குறைவு. வேட்டைக்காரர்கள் பேச்சைக் குறைத்து, காலடி அதிராமல் வருவார்கள். மண்ணுக்கு மேலே நடப்பவரின் அதிர்வு கீழே இருக்கும் முயலுக்குத் தெரிந்துவிடும்; தெரிந்துவிட்டால் அது வெளியே வரத் தயங்கும். ஒவ்வொரு வளை வாயிலும் ஒரு பை வலையைப் பரப்பி, அதன் கயிற்றை முளையடித்துக் கட்டுவார்கள். பிறகு ஃபெரெட்டை உள்ளே விட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். அதன் வாடை பட்டதும் முயல் வளையைவிட்டுச் சீறிப் பாயும், வலையில் விழும், விழுந்த வேகத்திலேயே வலை பாட்டிமார் இடுப்பில் செருகும் சுருக்குப்பை போல இறுகிக்கொள்ளும். கழுத்தைத் திருகி உடனே கொன்றுவிடுவார்கள். துப்பாக்கி ரவை இல்லாத கறி என்பதால் இறைச்சிக் கடைக்காரர்களுக்கு இந்த முயல் பிடிக்கும்.

எப்போதும் இப்படி ஒழுங்காக நடந்துவிடாது. சில சமயம் ஃபெரெட் முயலை உள்ளேயே கொன்று, வயிறு முட்டத் தின்று, அங்கேயே படுத்துவிடும். முன்பெல்லாம் கயிறு கட்டிய பெரிய ஆண் ஃபெரெட்டை அனுப்பி, கயிறு போன வழியைப் பார்த்து மண்வெட்டியால் தோண்டுவார்கள். இப்போது கழுத்துப்பட்டையில் சின்ன டிரான்ஸ்மிட்டர் இருக்கிறது. எங்கே, எவ்வளவு ஆழத்தில் என்று கைக்கருவி சொல்லிவிடும். மண்வெட்டிக்கு மட்டும் இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை.

நம் ஊரில் இந்த வித்தை பலிக்காது. இங்கே உள்ள காட்டு முயல் வளை தோண்டிக் குடியிருப்பதில்லை. புல்லிலும் புதரிலும் பதுங்கும். அதைப் பிடிப்பதே 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது வேறு விஷயம்.

இங்கிலாந்துக்கோ முயல் வந்தேறிதான். நார்மானியர் காலத்தில் கறிக்கும் தோலுக்குமாகக் கொண்டுவந்து, மடங்களும் பிரபுக்களும் மண்மேடு கட்டி வளர்த்தார்கள். அன்றைக்கு அது விலையுயர்ந்த பொருள். தெட்ஃபோர்டு மடத்தின் தலைவர் 1400 வாக்கில் தன் முயல் காவலருக்குக் கட்டிக்கொடுத்த கல் வீடு இன்றும் நிற்கிறது. அதன் சுவரின் கனத்தைப் பார்த்தால், வந்த திருடர்கள் எப்பேர்ப்பட்டவர்கள் என்று ஊகிக்கலாம்.

ஃபெரெட் யார் கையில் இருக்கலாம் என்ற கேள்வி இதற்கு முன்பே சட்டத்துக்குள் வந்துவிட்டது. 1390-இல், இரண்டாம் ரிச்சர்டு மன்னர் காலத்தில், ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானம் தரும் நிலம் இல்லாத சாமானியர் வேட்டை நாயோ, ஃபெரெட்டோ, வலையோ வைத்திருக்கக் கூடாது என்று விதித்தார்கள். மீறினால் ஓராண்டுச் சிறை. காரணத்தையும் அந்தச் சட்டமே ஒளிக்காமல் சொல்கிறது: நல்ல கிறிஸ்தவர்கள் தேவாலயத்தில் இருக்கும் திருநாட்களில் கைவினைஞர்களும் கூலிக்காரர்களும் வேட்டைக்குப் போகிறார்கள், அந்தச் சாக்கில் கூடிச் சதி பேசுகிறார்கள் என்று. 1381-இன் விவசாயிகள் கிளர்ச்சி முடிந்து அப்போது 9 ஆண்டுகள்தான். முயலைவிட, முயலைச் சாக்காக வைத்து ஒன்றுகூடுகிறவர்களைப் பற்றித்தான் ஆட்சிக்குப் பயம்.

1671-இல் வேலி இன்னும் உயர்ந்தது. வேட்டையாடும் தகுதிக்கு ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானம் தரும் சொந்த நிலம் வேண்டும் என்றார்கள். தகுதி இல்லாதவர் வீட்டில் புகுந்து துப்பாக்கி, நாய், ஃபெரெட் எல்லாவற்றையும் கைப்பற்றும் அதிகாரம் பிரபுவின் வேட்டைக் காவலருக்குக் கிடைத்தது. அதன் உச்சம்தான் 1723-இன் கறுப்புச் சட்டம். 1671-இன் சொத்துத் தகுதி 1831-இல்தான் ஒழிந்தது. ஒழிந்த பிறகும் அனுமதியில்லாமல் அடுத்தவர் நிலத்தில் முயல் பிடிப்பது குற்றமாகவே இருந்தது, இன்றும் குற்றம்தான். இரவில் பிடித்தால் 1828-இன் தனிச் சட்டம் பாயும்.

என் பார்வையில் உண்மையான திருப்பம் 1880-இல் பிரதமர் கிளாட்ஸ்டனின் அரசு கொண்டுவந்த சட்டம். அதுவரை குத்தகைக்காரரின் பயிரை மேய்ந்த முயல் பெரும்பாலான குத்தகைகளில் நிலச்சுவான்தாருடையது. தன் கண் முன்னே கோதுமை போவதைப் பார்த்துக்கொண்டு, முயலைத் தொட முடியாமல் குத்தகைக்காரர் நிற்க வேண்டும். பயிரிடுபவருக்கு வளை முயலையும் வளை தோண்டாத முயலையும் கொல்லும் உரிமை உண்டு என்றது புதிய சட்டம். அந்த உரிமையைக் குத்தகைப் பத்திரத்தில் எழுதி வாங்கினாலும் செல்லாது என்று ஒரு பூட்டும் போட்டது. நிலச்சுவான்தாரின் வழக்கறிஞர்கள் என்ன செய்வார்கள் என்று தெரிந்த யாரோ எழுதிய வாசகம் அது.

பிறகு நோய் வந்தது. 1952-இல் பிரான்சில் அர்மான்-தெலில் என்ற மருத்துவர், தன் தோட்டத்து முயல்களை ஒழிக்க மிக்சோமடோசிஸ் வைரஸை அவிழ்த்துவிட்டார். அடுத்த ஆண்டே அது இங்கிலாந்தின் கென்ட் பகுதிக்குத் தாவியது. சில ஆண்டுகளில் நாட்டின் முயல்களில் ஏறக்குறைய 99 சதவீதம் செத்தன. கண் வீங்கிக் குருடாகிச் சாலையில் தடுமாறிய முயல்களைப் பார்த்து மக்கள் அருவருத்தார்கள். விவசாயிகளுக்கோ விளைச்சல் கூடியது. இந்த இரண்டுக்கும் நடுவில் எழுதப்பட்டதுதான் 1954-இன் பீடைகள் சட்டம். நோயுற்ற முயலை வைத்து வேண்டுமென்றே நோயைப் பரப்புவது குற்றம் என்றது. முயலைக் கொல்வதைக் கடமையாக்கவும் வழி செய்தது. அதன்படி, சிட்டி ஆஃப் லண்டன் பகுதி, சில்லித் தீவுகள், ஸ்கோகோம் தீவு நீங்கலாக இங்கிலாந்தும் வேல்ஸும் முழுக்க முயல் ஒழிப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டன.

அதே சட்டம் ஜின் என்ற பொறிக்கும் முடிவு கட்டியது. பல் வைத்த இரும்புத் தாடை அது. காலைக் கவ்வி, காவலர் வரும்வரை விலங்கை உயிரோடு பிடித்து வைத்திருக்கும். 1958 ஜூலை 31-இலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதற்குத் தடை. இனி அரசு ஒப்புதல் பெற்ற ஸ்பிரிங் பொறிதான். பிடிப்பவர் யார் என்று கேட்டு வந்த சட்டம், பிடிபட்டது எப்படிச் சாகிறது என்று கேட்கத் தொடங்கியது இங்கேதான்.

அந்தக் கேள்விக்கு வினாடிக் கணக்கில் விடை எழுதியது, வேடிக்கையாக, மென்மயிர்த் தோல் வியாபாரம். காலைக் கவ்வும் பொறிகளைப் பயன்படுத்தும் நாடுகளின் விலங்குத் தோலை வாங்க மாட்டோம் என்று ஐரோப்பா சொல்லப்போக, 1997-இல் கனடா, ரஷ்யாவுடன் மனிதநேயப் பொறித் தரங்களுக்கான ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன் பட்டியலில் எர்மின் இருந்தது. பிரபுக்களின் அங்கியில் வெள்ளை விளிம்பாகத் தைக்கப்படும் அந்தத் தோலின் சொந்தக்காரர், இங்கிலாந்தின் வேட்டைக் காவலர்கள் காலங்காலமாகப் பொறி வைத்துக் கொல்லும் ஸ்டோட். ஃபெரெட்டின் நெருங்கிய உறவு. கொல்லும் பொறியானால், சோதனையில் குறைந்தது 80 சதவீத ஸ்டோட்டுகள் 45 வினாடிக்குள் நினைவிழக்க வேண்டும். காவலர்கள் பல ஆண்டுகளாக வைத்துவந்த ஃபென் பொறி இந்தத் தேர்வில் தேறவில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் ஸ்டோட்டுக்கு அதை வைக்கக் கூடாது. எலிக்கு வைக்கலாம். அகழெலிக்கான பொறிக்கோ ஒப்புதலே தேவையில்லை. அரச அங்கிக்கு உதவாத பிராணியின் வினாடிகளை யாரும் எண்ணவில்லை.

இத்தனைக்கும் நடுவே ஃபெரெட் வைத்திருப்பவருக்கு இன்று உரிமம் எதுவும் வேண்டாம். நிலத்துக்காரர் அனுமதி வேண்டும். வளை பேட்ஜர் என்ற விலங்குடையதாக இருந்துவிடக் கூடாது, 1992-இன் சட்டப்படி அதைக் குலைப்பதே குற்றம். 2006-இன் விலங்கு நலச் சட்டப்படி ஃபெரெட்டையும் நன்றாக வைத்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததென்று காட்டில் விட்டுவிட்டு வர முடியாது. நரி வேட்டையை ஒடுக்கிய 2004-இன் சட்டம் நாய்களைப் பற்றியது மட்டும். அதிலும், நிலத்துக்காரர் அனுமதியோடு முயலைத் துரத்தும் நாய்க்கு விலக்கு உண்டு. ஸ்காட்லாந்து 2023-இல் முயலையும் பாதுகாப்பு வட்டத்துக்குள் கொண்டுவந்து, நாய்களின் எண்ணிக்கையைப் பொதுவாக இரண்டோடு நிறுத்தியது.

பொறிகள் மீதான கெடுபிடியும் கூடிவருகிறது. நம் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும் எலி ஒட்டு அட்டையை இங்கிலாந்தில் 2024 ஜூலை 31 முதல் உரிமம் பெற்ற பூச்சி ஒழிப்பாளர் தவிர யாரும் வைக்க முடியாது. சுருக்குக் கண்ணி விஷயத்தில்தான் குழப்பம். வேல்ஸ் 2023 அக்டோபரில் முழுதாகத் தடை செய்தது, ஸ்காட்லாந்து 2024 நவம்பரில். இங்கிலாந்திலும் ஒழிப்போம் என்று தொழிற்கட்சி 2024 தேர்தல் அறிக்கையில் சொன்னது. அந்தத் தடை நடைமுறைக்கு வரும்வரை, எல்லையின் இருபுறமும் நிலம் வைத்திருக்கும் விவசாயி வேலிக்கு மேற்கே, வேல்ஸ் பக்கம், கண்ணி வைத்தால் குற்றவாளி. கிழக்கே வைத்தால், அது தானாகப் பூட்டி இறுகாத ரகமாக இருந்து, அவர் நாளுக்கு ஒருமுறையாவது போய்ப் பார்த்தால் போதும்.