பன்யா மலைச் சேறு

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், பிரிஸ்பேனுக்கு வடமேற்கே சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பன்யா மலையில், பன்யா மரங்கள் நின்ற நிலையிலேயே பட்டுப்போகின்றன. காரணம் பைட்டாப்தோரா என்ற மண்வாழ் நுண்ணுயிரி. அது வேர்களை அழுகச் செய்வதால் மரத்துக்கு நீர் ஏறுவதில்லை. உச்சி காய்ந்து தெரியும்போது வேர் ஏற்கெனவே பாழாகியிருக்கும். காடு முழுவதையும் குணமாக்கும் மருந்து கிடையாது.

பன்யாக் கூம்பு ஒன்று 10 கிலோ வரை எடையிருக்கும். ஏறத்தாழ மூன்றாண்டுக்கு ஒருமுறை மரங்கள் அமோகமாகக் காய்க்கும். அப்போது பல நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்துகூடப் பழங்குடிக் குழுக்கள் இந்த மலைக்கு நடந்து வந்தன. பகையை ஒதுக்கிவைத்தார்கள், வழக்குகளைத் தீர்த்தார்கள், பெண் கொடுத்தார்கள், எடுத்தார்கள், சடங்கும் பாட்டும் பண்டமாற்றும் நடந்தன. கூம்புக்குள் இருக்கும் கொட்டைகளைச் சுட்டுத் தின்றார்கள். மிஞ்சியதைச் சேற்றில் புதைத்துவைத்து எடுத்தார்கள். இன்ன மரம் இன்ன குடும்பத்துக்கு என்ற உரிமை தகப்பனிடமிருந்து மகனுக்குப் போனது. பன்யாவை உணவு மரம் என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். ஊர்கூடும் மன்றமும் இதுவே.

1842இல் ஆளுநர் ஜார்ஜ் கிப்ஸ், பன்யா நிற்கும் நிலத்தில் வெள்ளையர் குடியேறவும் மரம் வெட்டவும் தடை விதித்தார். 1859இல் குயின்ஸ்லாந்து தனிக் குடியேற்ற நாடானது. மறு ஆண்டே அந்தத் தடை போயிற்று. ரம்பம் வந்தது. மலையின் மக்களைப் பிற்பாடு அரசுக் குடியிருப்புகளுக்கு விரட்டினார்கள், பெருங்கூட்டங்கள் நின்றுபோயின. 1908இல் மலை தேசியப் பூங்காவானது.

பூங்கா எல்லை ரம்பத்தைத் தடுக்கும், சேற்றைத் தடுக்காது. பைட்டாப்தோரா பரவுவது ஈர மண்ணில்: நடப்பவர் காலணியில், வண்டிச் சக்கரத்தில், காட்டுப்பன்றியின் குளம்பில். பன்றியைக் கட்டுப்படுத்துவது கடினம். காலணியைக் கழுவுவது நம் கையில் இருக்கிறது. மலையேறும் முன்பும் இறங்கிய பின்பும் அடிப்பாகத்து மண்ணைத் தேய்த்து நீக்குங்கள். தடத்தை விட்டு விலகாதீர்கள். சில அடிமரங்களில், ஏறுவதற்காக முன்னோர் கோடரியால் கொத்திய படிகளை இன்றும் காணலாம். புதிதாக நடும் கன்று முதல் கூம்பு விடவே பதினைந்து ஆண்டுகள்போல ஆகும். அதில் அந்தப் படிகள் இருக்காது.