உங்களுக்குத் தெரியுமா? பழைய கணினியில் புது இணையம்

● 1982-இல் வந்த கொமடோர் 64 கணினியின் நினைவகம் 64 கேபி. இன்றைய செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோகூட அதற்குள் அடங்காது. அதையும் இணையத்தில் சேர்க்கலாம் என்று 2003-இல் காட்டினார் ஸ்வீடனைச் சேர்ந்த ஆடம் டங்கல்ஸ். அவர் எழுதிய ‘கான்டிகி’ இயங்குதளத்தில் பிரவுசரும் உண்டு, வெப் சர்வரும் உண்டு. அசாத்தியச் சிக்கனம்! பின்னாளில் குட்டி சென்சார் கருவிகளை இணையத்தோடு இணைக்கவும் அதே கான்டிகி பயன்பட்டது.

● ஐபிஎம் தன் முதல் பிசியை வெளியிட்டது 1981 ஆகஸ்டில். இணையத்தில் இன்றும் புழக்கத்தில் இருக்கும் ஐபிவி4 விதிமுறை வெளியானது அதற்கு அடுத்த மாதம். பொருத்தமான நெட்வொர்க் கார்டும், டாஸில் ஓடும் ‘எம்டிசிபி’ மென்பொருளும் இருந்தால் அந்த பிசி இன்றைய ரூட்டரோடு தாராளமாகப் பேசும்.

● நெட்வொர்க் கார்டு இல்லையா? இஎஸ்பி8266 என்ற மலிவான வைஃபை சிப், பழைய மோடமாகவே நடிக்கும். ‘ஏடிடிடி’ என்று தட்டி, போன் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் சர்வரின் முகவரியைக் கொடுத்தால் போதும். தொலைபேசியில் டயல் செய்வதாகவே கணினி நம்பும். அந்தக் கால விநாடிக்கு 300 பிட் வேகத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள். 1 எம்பி வந்து சேர 9 மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

● இவ்வளவு இருந்தும் பெரும்பாலான தளங்கள் திறக்காது. காரணம் வேகம் மட்டுமல்ல, எச்டிடிபிஎஸ் என்ற பூட்டு. 1990-களின் பிரவுசர்களுக்கு இன்றைய மறைகுறியாக்க முறைகள் தெரியாது. 1 மெகாஹெர்ட்ஸ் பிராசசருக்கு அந்தக் கணக்குகளைப் போட்டு மாளாது. அதனால் ஆர்வலர்கள் நடுவில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியை வைக்கிறார்கள். அது தளத்தைத் தானே திறந்து, ஸ்கிரிப்டுகளைக் கழித்து, படங்களைச் சுருக்கி, எளிய எச்டிஎம்எல் பக்கமாக்கிக் கொடுக்கும். 1986-இன் மேகிண்டாஷ் பிளஸ்கூட இப்படி வலைப்பக்கம் காட்டியிருக்கிறது.

● நடுவில் ஒரு கணினி என்பது நமக்குப் புதிதல்ல. 1995 ஆகஸ்ட் 15-இல் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, பலர் வாங்கியது எழுத்து மட்டுமே தெரியும் ஷெல் கணக்கு. இணையத்தில் உண்மையில் இருந்தது விஎஸ்என்எல்லின் கணினி. வீட்டு பிசி அதன் திரையாக மட்டும் இருந்தது.

● பரணில் பழைய கணினி இருந்தால் காயலான் கடைக்குப் போடாதீர்கள், இணைத்துப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: நடுவில் உள்ள கருவிக்கும் அதற்கும் இடையே எல்லாம் பூட்டில்லாமல்தான் போகும். வங்கி, மின்னஞ்சல் பாஸ்வேர்டு எதையும் அதில் தட்ட வேண்டாம்.