கதவில் ஒட்டிய தாள்

எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலில் நீதித்துறைப் பாடம் வரும்போது, கரும்பலகையில் இரண்டு கட்டம் போட்டு, ஒன்றில் உரிமையியல், மற்றொன்றில் குற்றவியல் என்று எழுதி முடித்துக்கொள்வேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அந்த வகுப்பு மாணவி ஒருத்தி நான்காக மடித்த தாளோடு வந்தாள். "எங்க வீட்டுக் கதவுல ஒட்டிட்டுப் போயிட்டாங்க டீச்சர். என்னன்னு பாருங்க." நீதிமன்ற முத்திரையைக் கண்டதும் எனக்கே தயக்கம். "இதையெல்லாம் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வரக் கூடாதும்மா, அப்பாகிட்ட கொடு" என்று திருப்பி அனுப்பிவிட்டேன்.

மறு ஆண்டு அவளுடைய அம்மா கண்ணீரோடு வந்து நின்றபோதுதான் அன்று எதைத் திருப்பி அனுப்பினேன் என்பது விளங்கியது. அது அழைப்பாணை; பேச்சு வழக்கில் சம்மன். இரு வீட்டுக்கும் நடுவிலுள்ள சந்து தமக்கே உரியது என்று பக்கத்து வீட்டுக்காரர் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறார். வழக்குத் தொடுத்த அவர் வாதி, இவர்கள் பிரதிவாதிகள். பிரதிவாதி என்றால் குற்றவாளி என்று நினைத்து அந்த அம்மா வெளியே சொல்லவே கூச்சப்பட்டிருக்கிறார். பதில் சொல்ல அழைக்கப்பட்டவர் என்பதற்கு மேல் அந்தச் சொல்லில் ஒன்றுமில்லை.

நீதிமன்ற அமீனா முதலில் நேரில் வந்தபோது, கையெழுத்துப் போட்டால்தான் வழக்கு நம் மேல் ஒட்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு வாங்க மறுத்துவிட்டார்கள். ஊர்ப்பக்கம் இந்த நம்பிக்கை நன்றாக வேரோடியிருக்கிறது. ஆனால் 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி, வாங்க மறுத்தால் கதவில் நகலை ஒட்டிவிட்டுப் போகலாம். முறைப்படி ஒட்டியதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டால் அழைப்பாணை 'சார்பு செய்யப்பட்டதாக' ஆகிவிடும். இதுவும் குழப்பும் சொல்தான். யார் பக்கமும் சாய்வதன்று. உரியவரிடம் சேர்ப்பித்தல் என்பதே பொருள்.

அழைப்பாணை சேர்ந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பிரதிவாதி எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். காரணத்தைப் பதிவு செய்து 90 நாள் வரை நீதிமன்றம் அனுமதிக்கலாம். வாதி கொடுத்த வழக்குரைக்கு (பெரியவர்கள் பிராது என்பார்கள்) பத்தி பத்தியாகத் தரும் பதில் அது. மறுக்காமல் விட்ட செய்தி ஒப்புக்கொண்டதாகக் கருதப்படலாம். நம் தேர்வில் ஒரு வினாவை விட்டால் அதற்குரிய மதிப்பெண் மட்டும் போகும். இங்கே விட்ட வினாவுக்கு எதிர்த்தரப்பு எழுதியதே விடையாகிவிடக்கூடும்.

இவர்கள் எதிருரையும் தரவில்லை, வாய்தா நாளில் ஆஜராகவும் இல்லை. தீர்ப்பு நகலில் 'ஒருதலைப்பட்சமாக' என்ற சொல்லைக் காட்டி, "ஜட்ஜே ஒரு பக்கமா நடந்துக்கிட்டாருன்னு அவங்களே எழுதியிருக்காங்களே டீச்சர்" என்றார் அந்த அம்மா. அவரைக் குறை சொல்ல முடியாது, நாம் நாளிதழில் படிக்கும் பொருள் அதுதானே. நீதிமன்றத்தில் அதற்கு ஒரு தரப்பு வராத நிலையில் என்று பொருள். எக்ஸ்பார்ட்டி என்று வழக்கறிஞர்கள் சொல்வது இதைத்தான்.

வாய்தா, வக்காலத்து, ஆஜர், ஜப்தி, அமீனா எல்லாம் அரபு, பாரசீக வழி வந்து நம் நீதிமன்றங்களில் தங்கிவிட்டவை. வாய்தா என்பது தவணை நாள். வக்காலத்து, நமக்காக வாதாட வழக்கறிஞருக்கு நாம் எழுதித் தரும் அதிகாரம். 'டிகிரி ஆயிடுச்சு' என்று அந்த அம்மா சொன்னபோது வீட்டில் யாரோ பட்டம் வாங்கியிருக்கிறார்கள் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். தீர்ப்பில் காரணங்கள் இருக்கும். அதன் முடிவை, யாருக்கு என்ன உரிமை என்று முறையாக வரைந்து தருவது தீர்ப்பாணை. அதுதான் டிகிரி. சந்துக்குள் நுழையக் கூடாது என்ற நிரந்தர உறுத்துக்கட்டளை அதில் இருந்தது.

சட்ட ஆலோசனை நம் வேலையல்ல. தேதியைப் படித்துச் சொல்லவும் போக வேண்டிய இடத்தைக் காட்டவும் நம்மால் முடியும். அவரை நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்கு அழைத்துப் போனேன். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோர் வருமான வரம்பின்றி அங்கே இலவசமாக வழக்கறிஞர் உதவி பெறலாம். ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணையை நீக்கக் கோரும் மனுவைத் தீர்ப்பாணை நாளிலிருந்து 30 நாட்களுக்குள் தர வேண்டும். அழைப்பாணை முறையாகச் சேராதிருந்தால், தீர்ப்பாணை பற்றித் தெரிய வந்த நாளிலிருந்து அந்த 30 நாள். கதவில் ஒட்டியது இவர்கள் விஷயத்தில் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. இரண்டு மாதம் கடந்திருந்ததால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு ஒன்றும் சேர்த்துப் போட வேண்டியிருந்தது. வாதிக்குச் செலவுத்தொகை கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு வழக்கு மீண்டும் கோப்புக்கு எடுக்கப்பட்டது. அந்தத் தொகைக்கு அவர் கம்மலை அடகு வைத்தார். சந்து யாருக்கு என்பது இன்னும் முடிவாகவில்லை. எதிருரை தாக்கலாகி, சாட்சி விசாரணை நடக்கிறது.

இப்போது நீதித்துறைப் பாடத்துக்கு நாளிதழில் வரும் நீதிமன்ற அறிவிப்புகளை வெட்டி எடுத்துப் போகிறேன். அழைப்பாணையை நேரில் சேர்க்க முடியாதபோது வெளியிடப்படுபவை அவை. வாதி யார், பிரதிவாதி யார், எந்த நீதிமன்றம், வாய்தா என்று என நான்கையும் மாணவர்கள் கண்டுபிடித்து அடிக்கோடிட வேண்டும். சென்ற வாரம் ஒருவன் வாய்தா தேதியை அடிக்கோடிட்டுவிட்டு நாட்காட்டியைப் பார்த்தான். "டீச்சர், இது நாளைக்கு. இவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.